பதினொன்று இருபதுக்குத் திறந்த வால்வு

எரிவாயு சேகரிப்பு நிலையத்தில் அவளை எல்லோரும் வால்வக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக வால்வுகளைத் திறப்பதும் மூடுவதும்தான் வேலை. விதிப்புத்தகத்தை அவள் அளவுக்கு நம்பியவர் அங்கே யாருமில்லை, அதை எழுதியவர்கள் உட்பட. அப்படிப்பட்டவளை நிர்வாகம் கலகக்காரி என்று கோப்பில் எழுதி வைத்ததுதான் வேடிக்கை.

சங்கதி இதுதான். மிஞ்சும் மீத்தேன் வாயுவை உயரமான குழாய் வழியாக ஏற்றி உச்சியில் எரித்துவிட வேண்டும். எரிப்பதே கெடுதல்தான், எரிக்காமல் விட்டால் அந்த மீத்தேன் பூமியை அதைவிடப் பல மடங்கு சூடாக்கும். உச்சியில் தீ மூட்டும் கருவி எட்டு மாதமாகச் செத்துக் கிடந்தது. மாற்றச் சொல்லிப் பதினோரு முறை எழுதிக் கொடுத்துவிட்டாள். நிறமும் மணமும் இல்லாத வாயு என்பதால் யாருக்கும் அவசரம் வரவில்லை.

பிறகு, வாயுக் கசிவைக் கண்டறியும் ஒரு செயற்கைக்கோள் அது எரியாமல் வெளியேறுவதைப் பார்த்துவிட்டது. மேலிடத்திலிருந்து கடிதம் வந்ததும் அலுவலகம் சுறுசுறுப்பானது. செயற்கைக்கோள் எத்தனை மணிக்குத் தலைக்கு மேல் வரும் என்று இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த நேர அட்டவணையை மேலாளரே கட்டுப்பாட்டு அறைக் கதவில் ஒட்டினார்.

"வியாழக்கிழமை பதினொன்னு பத்துலேர்ந்து பதினொன்னு நாப்பது வரைக்கும் வால்வைத் திறக்காதீங்கம்மா. அது போனதும் திறந்துக்கலாம்."

"உள்ள அழுத்தம் ஏறுமே சார்."

"அரை மணி நேரம் தாங்காதா?"

"முள்ளு சிவப்புக் கோட்டைத் தொட்டா திறந்துடணும்னு புத்தகத்துல இருக்கு."

"அதை எழுதினப்போ மேல இது சுத்தலைம்மா."

வீட்டில் கணவர் தையற்காரர். நூலைப் பல்லால் கடித்தபடியே கேட்டார்: "கண்ணுக்குத் தெரியாத ஒண்ணுக்காக வேலையைப் பறிகொடுக்கப் போறியா? அப்புறம் பிள்ளைங்க என் மிஷினை நம்பித்தான் இருக்கணும். அதுவே என்னை நம்பறதில்ல."

"மிஷினுக்கு எண்ணெய் போடுங்க, நம்பும்," என்றாள்.

வியாழக்கிழமை, பதினொன்று இருபதுக்கு முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. தொலைபேசி அடித்தது.

"இன்னும் இருபது நிமிஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்கம்மா."

"நான் பல்லைக் கடிச்சா முள்ளு இறங்காது சார்."

திறந்தாள். மீத்தேனை வெளியே விடக் கூடாது என்று எட்டு மாதம் மல்லுக்கட்டியவள், வானம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைத் தாராளமாக விட்டாள். இருபது நிமிடம் கழித்து யாரும் பார்க்காமல் போகவிருந்த அதே வாயுதான்.

அடுத்த வாரம் மேலாளர் செயற்கைக்கோள் எடுத்த ஒரு படத்தை மேசைமேல் போட்டார். சாம்பல் நிறத்தில் நிலையம். அதிலிருந்து கிழக்கே மஞ்சளாக ஒரு கறை நீண்டிருந்தது.

"பாருங்க, என்ன பண்ணி வச்சிருக்கீங்க."

"நல்லா விழுந்திருக்கு சார்."

விளக்கக் கடிதம் தட்டச்சாகித் தயாராக இருந்தது: 'கவனக்குறைவால் வால்வைத் திறந்துவிட்டேன்.' கையெழுத்துப் போட்டால் எச்சரிக்கையோடு போய்விடும். அவள் 'கவனக்குறைவால்' என்பதை அடித்து, மேலே 'கவனமாக' என்று எழுதி, கீழே 'உச்சியில் தீ இல்லை, எட்டு மாதமாக' என்று சேர்த்துக் கையெழுத்திட்டாள்.

"இப்படிக் குடுத்தா உங்களை என்னால காப்பாத்த முடியாதும்மா."

"என்னைக் காப்பாத்தறது இருக்கட்டும். அதைப் பத்த வைங்க சார்."

படமும் கடிதமும் ஒன்றாக மேலிடம் போயின. நாலே நாளில் கருவி வந்தது, விரல் நீளத்தில். அதே நாளில் அவளைச் சாமான் கிடங்குக்கு மாற்றும் உத்தரவும் வந்தது. மேலாளர் கட்டுப்பாட்டு அறைச் சாவிக்காகக் கையை நீட்டினார்.

"எரியட்டும் சார், தரேன்."

இரண்டு முறை பற்றவில்லை. நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேலாளர் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். மூன்றாவது முறை உச்சியில் தீ இருமிக்கொண்டு பிடித்தது. காற்றில் அணைகிறதா என்று ஐந்து நிமிடம் அண்ணாந்து பார்த்த பிறகே சாவியைக் கொடுத்தாள்.

"கிடங்குல என்ன சார் இருக்கு?"

"பெருசா ஒண்ணுமில்லம்மா. போல்ட்டு, நட்டு. கசிவு கண்டுபிடிக்கிற கருவி ஒரு ஆறு, இன்னும் உறைகூடப் பிரிக்கலை."

"ஏன் பிரிக்கலை?"

அந்த ஆறு கருவிகளையும் அவள் கையிலேயே ஒப்படைக்கும் இடமாற்ற உத்தரவில் பிழை இருப்பது மேலாளருக்கு அப்போதுதான் உறைத்தது.