காட்டுக் கொட்டாய்க்கு எந்த விகிதம்

செம்மேட்டில் சந்தை கூடும் நாளில் என் வீட்டுக்கும் ஒரு சிறு கூட்டம் வரும். காய்கறிப் பையோடு ஒரு தாளையும் கொண்டு வருவார்கள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, ரேஷன் அட்டையில் பெயர் நீக்கம். கருவூலத்தில் பாதிக் காலமும் தணிக்கைப் பிரிவில் மீதியும் கழித்தவன் என்பதால், அரசாங்கம் என்னிடம் மட்டும் இன்னும் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறது என்று மலையில் ஒரு நம்பிக்கை. நான் அதை மறுத்ததில்லை. ஓய்வூதியம் வயிற்றுக்குப் போதுமானதாக இருந்தது. மற்றதற்கு இந்த நம்பிக்கை உதவியது.

அப்படியொரு நாள் மலையில் பெரக்கரை நாடு என்று சொல்லும் ஊர்த் தொகுதியிலிருந்து ஒரு பெண் வந்தார். அவருடைய கணவர் மூன்று வருடத்துக்கு முன் சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்கும்போது ஏணியோடு விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு வீடு தேடிச் சென்று பயிற்சி கொடுக்கும் அரசுத் திட்டம் ஒன்றில் அவர் பெயர் இருந்தது. அடிவாரத்து நிறுவனம் ஒன்று ஆள் அனுப்பும். அரசு அந்த நிறுவனத்துக்கு ஒவ்வொரு வருகைக்கும் இவ்வளவு என்று கட்டணம் கொடுக்கும். வாரம் இரண்டு முறை ஒரு பிசியோதெரபிஸ்ட் பஸ்ஸில் மலையேறி வந்துகொண்டிருந்தார். ஊரில் அவர் பெயர் டாக்டரம்மா.

"ஏனுங்க ஐயா, இதக் கொஞ்சம் பாருங்க. டாக்டரம்மா அடுத்த மாசத்துலேர்ந்து வரமாட்டாங்களாட்ட இருக்குது."

"ஏன், உங்களோடு சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லீங்க. கம்பெனிக்குக் கட்டுபடி ஆகலீங்களாம்."

அந்தப் பெண் நீட்டியது கட்டண அட்டவணையின் நகல். எட்டுப் பக்கம். நகலின் நகல் என்பதால் ஓரத்தில் பாதி எழுத்து கறுத்திருந்தது.

"வரலைன்னா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"இப்ப முக்கால் மணி நேரம் சாஞ்சுக்காம உக்காந்திருக்கறாருங்க. இன்னும் ஆறு மாசம் உடாம பண்ணுனா கையூனித் தானா நவுந்துக்குவாராம். உட்டுப்போச்சுன்னா முட்டி மடங்குன மேனிக்கே இறுகிப் போயிருமாம். அப்பறம் உக்காரவே முடியாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

தாளை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். அன்று மாலை முழுவதும் அதைப் படித்தேன். சந்தோஷமாகப் படித்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கம் இருக்கிறது.

நல்ல அட்டவணை. எழுதியவருக்கு வேலை தெரியும். வீட்டு வருகைக்கு ஒரு கட்டணம். பயணச் செலவு அதற்குள் அடக்கம். ஒரே ஊரில் ஒரே நாளில் இரண்டு பேரைப் பார்த்தால் இரண்டாமவருக்குப் பயணப் பங்கு கழியும். இவ்வளவுதான் முதல் மூன்று பக்கம். அந்த நிறுவனத்தில் யாரும் அதைத் தாண்டிப் புரட்டவில்லை. நான்காம் பக்கத்தில் மலைப்பகுதிக்குக் கூடுதல் விகிதம் இருந்தது. அதிலும் இரண்டு படி. வண்டி போகும் இடத்துக்கு முதல் படி. சாலை முடிந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டிய இடத்துக்கு இரண்டாம் படி. நிறுவனம் இத்தனை நாளும் சமவெளி விகிதத்தில் பட்டியல் போட்டுக்கொண்டு, மலை கட்டுபடியாகவில்லை என்று அழுதிருக்கிறது. இது அரசாங்கத்தின் குற்றம் இல்லை என்று கண்டுபிடிக்கும்போது எனக்கு எப்போதுமே ஒரு திருப்தி வரும்.

அடுத்த வாரம் நேரில் பார்க்கப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி ஊருக்குள் நடந்தால் வீடுகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. சாமை கதிர் பிடிக்கும் காலம். அந்தப் பக்கத்தில் விதைத்ததிலிருந்து அறுக்கிற வரை குடும்பத்தோடு காட்டுக் கொட்டாய்க்கு, அதாவது விளைநிலத்துக் காவல் குடிசைக்கு, குடிபோய்விடுவார்கள். போகாவிட்டால் காட்டுப்பன்றி அறுத்துக்கொள்ளும். படுத்த ஆளைப் பூட்டிய ஊரில் விட்டுவிட்டுப் போக முடியுமா? கட்டிலோடு நாலு பங்காளிகள் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். வருடத்தில் ஐந்து மாதம் அவருடைய கட்டில் காட்டில்தான். டாக்டரம்மாவும் கேள்வி கேட்காமல் அங்கேயே நடந்து வந்து பயிற்சி கொடுத்துவிட்டு, வருகைப் பதிவேட்டில் ஊர்ப் பெயரை மட்டும் எழுதிக்கொண்டிருந்தார்.

நான் போனபோது அவர் அந்த மனிதரின் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். டாக்டரம்மாவுக்கு முப்பது வயதிருக்கும்; செருப்பெல்லாம் செம்மண். நான்காம் பக்கத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, "முதல் படி கெடைச்சாலே போதுங்க சார். எங்க ஆபீஸ்ல ஒத்துக்குவாங்க" என்றார்.

"முதல் படி ஊர் வீட்டுக்கு. சாலையிலிருந்து அது ஒரு கிலோமீட்டருக்குக் குறைவு. கொட்டாய் இரண்டு கிலோமீட்டருக்குக் குறையாது. இரண்டாம் படி வருகிறது."

"கொட்டாய்னு எழுதணுங்களா சார்? நான் ரிஜிஸ்டர்ல ஊர்ப் பேர் மட்டுந்தான் போடறேன்."

"உள்ளதை எழுதுவதற்கு என்ன பயம்? உரியதைக் கேட்காமல் விடுவதும் முறைகேடுதான்" என்றேன். தணிக்கையில் இருந்தபோது பல பேரை இந்த வாக்கியத்தால் உட்கார வைத்திருக்கிறேன்.

கட்டிலில் கிடந்தவர் சிரித்தார். "எழுதட்டும் உடுங்க டாக்டரம்மா. மின்சாரம் வரல, ரோடு வரல. நம்ம கொட்டாயாவது கவர்மென்ட்டு காயிதத்துல ஏறட்டும்."

"ஏறுனா வரி போடுவாங்க" என்றார் மனைவி அடுப்படியிலிருந்து.

"போடட்டும். மடில காசக் கட்டிக்கிட்டா படுத்திருக்கறேன்?"

மனுவை நான்தான் எழுதினேன். நிறுவனத்தின் பெயரில், அட்டவணையின் பக்கமும் பத்தியும் குறிப்பிட்டு, விதைப்பிலிருந்து எந்தெந்த நாளில் எந்த இடத்தில் சேவை அளிக்கப்பட்டது, சாலை முடிவிலிருந்து எவ்வளவு நடை என்று ஒரு இணைப்பும் சேர்த்து. கையால் ஒரு வரைபடமும் போட்டேன். நிறுவனத்து மேலாளர் போனில் இரண்டு முறை நன்றி சொன்னார். அவர் இணைப்பைப் படிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

பதில் வர இரண்டு மாதம் ஆனது. மரியாதையான பதில். மலைப்பகுதி விகிதம் கேட்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று முதல் பத்தி ஒத்துக்கொண்டது. இரண்டாம் பத்தி, திட்டத்தில் கட்டணம் நிர்ணயிக்கப்பட்டிருப்பது பயனாளியின் பதிவான முகவரியில் செய்யும் வருகைக்கு மட்டுமே என்று நினைவூட்டியது. மூன்றாம் பத்தி, விண்ணப்பதாரரே கொடுத்த இணைப்பின்படி விதைப்புக்குப் பிந்தைய வருகைகள் வேறு இடத்தில் நடந்திருப்பதால் அவை அனுமதிக்கப்படவில்லை என்றும், கொடுத்த தொகை அடுத்த பட்டியலில் பிடிக்கப்படும் என்றும் முடித்தது. என் வரைபடத்தையும் திருப்பி இணைத்திருந்தார்கள். தூரம் சரியாக இருப்பதாக அதில் பென்சிலில் ஒரு டிக் இருந்தது.

அந்த மனுவை என் மேசைக்கு யாராவது கொண்டு வந்திருந்தால் மூன்றாம் பத்தியை நானும் அப்படியேதான் எழுதியிருப்பேன்.

மேலாளர் மறுபடியும் கூப்பிட்டார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. மொதல் படி மட்டும் கேட்டிருந்தா பேசாம குடுத்திருப்பாங்க. இப்ப பழசையும் பிடிக்கறாங்க. மேல் விசாரணை முடியற வரைக்கும் அந்த ரூட்டுக்கு ஆள் அனுப்ப முடியாதுங்க." டாக்டரம்மாவைச் சமவெளியில் ஒரு மையத்துக்கு மாற்றிவிட்டார்கள். போகும் முன் ஒரு நாள் தன் கைக்காசில் வந்து, எந்தக் காலை எப்படிப் பிடித்து எத்தனை எண்ணும்வரை நீட்ட வேண்டும் என்று மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தார். என்னைப் பார்க்க வரவில்லை.

நான் மேல்முறையீடு செய்தேன். முப்பது நாள் கெடுவில் இருபத்தொன்பது நாளை வீணாக்குவது மற்றவர்கள் வழக்கம். நான் மூன்றாம் நாளே அனுப்பினேன். மலையில் சாகுபடிக் காலத்துக் குடியிருப்பு என்பது குடும்பத்தின் குடியிருப்பே என்று நான்கு பக்கம் எழுதினேன். கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கினேன். அவர் அன்றே கொடுத்தார். அதன்பின் செய்வதற்கு ஒன்றும் இல்லை. நினைவூட்டல் கடிதம், அதற்கு ஒப்புகை, ஒப்புகை வரவில்லை என்று இன்னொரு நினைவூட்டல்.

நடுவில் ஒருமுறை கொட்டாய்க்குப் போனேன். அறுப்பு நடந்துகொண்டிருந்தது. மனைவி கையில் அரிவாளோடு வந்தார். அவரிடம், கட்டிலை ஊருக்குக் கொண்டுபோய்விட்டால் முகவரிச் சிக்கல் தீரும் என்று சொன்னேன்.

"கொண்டுபோனா டாக்டரம்மா வந்துருவாங்களாங்க?"

"இல்லை. மேல்முறையீடு முடியணும்."

"அப்பறம் எதுக்குங்க கொண்டுபோறது?"

பயிற்சி நடக்கிறதா என்று கேட்டேன்.

"காலைல ஒரு கால் நீட்டறதுக்குள்ள வெயில் ஏறிப்போயிருதுங்க. ஒருத்தரு இடுப்பப் புடிக்கோணும், ஒருத்தரு கால இழுக்கோணும். பசங்க ரெண்டும் ஹாஸ்டல்ல. நானொருத்தி எங்கங்க..."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஐயாவுக்கு டீத்தண்ணி குடு கண்ணு. கால் எங்கயும் போயிராது. இங்கயேதான் கெடக்குது."

இடுப்பைப் பிடிக்க அன்று நான் உட்கார்ந்திருக்கலாம். எனக்கும் இரண்டு கை இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். அடுத்த பஸ் இருந்தது.

அடுத்த விதைப்பு முடிந்த பிறகு ஆணை வந்தது. நாங்கள் ஜெயித்தோம். மலைப்பகுதியில் சாகுபடிக் காலத்துக் கொட்டாயும் முகவரியாகக் கருதப்படும். சான்று இருந்தால் இரண்டாம் படி விகிதமும் உண்டு. பிடித்த தொகை நிறுவனத்துக்குத் திருப்பித் தரப்படும். என் நான்கு பக்கத்திலிருந்து இரண்டு வரியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். மலை முழுவதற்கும் பொருந்தும் ஆணை. இனி இப்படிப் படுத்திருக்கும் யாருக்கும் இந்தச் சிக்கல் வராது. மேலாளர் மூன்றாம் முறையாக நன்றி சொன்னார்.

புதிதாக ஓர் இளைஞர் வந்தார். நல்ல பையன், கவனமாகப் பார்த்தார். நானும் கூடப் போயிருந்தேன். பிளாஸ்டிக் கோணமானியை முட்டியில் வைத்து அளந்தார். இரண்டு முட்டியும் மடங்கினபடியே நின்றுவிட்டிருந்தன. இடுப்பிலும் இறுக்கம். தலையணை வைத்துச் சாய்த்துப் பார்த்தார்; ஐந்து நிமிடத்தில் உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. அவர் படிவத்தை எடுத்து எழுதினார்.

திட்டத்தில் சேவை இரண்டு வகை. முன்னேற்றம் எதிர்பார்க்கக்கூடியவர்களுக்கு மீட்புப் பயிற்சி, வாரம் இரண்டு வருகை. எதிர்பார்க்க முடியாதவர்களுக்குப் பராமரிப்பு. மாதம் ஒரு வருகை, படுக்கைப்புண் பார்ப்பதற்கும் வீட்டாருக்குச் சொல்லிக் கொடுப்பதற்கும். இளைஞர் இரண்டாவது கட்டத்தில் குறியிட்டிருந்தார்.

மனைவி தாளை வாங்கி என்னிடம் கொடுத்தார். "ஐயா, இதுல தப்பேதும் இருக்குதுங்களா?"

மூன்று முறை படித்தேன். கோணம், தேதி, வகை, விகிதம், முகவரி. கொட்டாயின் முகவரி சரியாக எழுதப்பட்டிருந்தது. இரண்டாம் படியும் கேட்கப்பட்டிருந்தது. ஒரு தப்பாவது கிடைக்காதா என்று நான் தேடிய ஒரே தாள் அதுதான்.

"தப்பில்லை" என்றேன்.

அந்தப் பெண் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அவருகிட்ட நீங்களே சொல்லிருங்க ஐயா, நான் போயி மாட்டக் கட்டிட்டு வாரேன்" என்று வெளியே போனார்.

கட்டில் நான்கடி தூரத்தில் இருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இருந்தாலும் சொன்னேன்.

"மாசத்துக்கு ஒருக்காங்களா?"

"ஆமாம்."

"எந்தத் தேதிங்க?"

அதை நிறுவனத்தின் வசதிக்கு விட்டிருந்தது அட்டவணை. அப்படியே சொன்னேன். அவர் சரிங்க என்றார். இளைஞர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பையை மாட்டிக்கொண்டார். நான் அவரோடு போகவில்லை.