எந்திரத்துக்குச் சொன்ன வசனம்

புகையிலை வெட்டும் கத்தி கூட வேலை செய்த எஸ்டிலின் முழங்காலுக்குக் கீழே இறங்கியபோது ஹோபர்ட் பக்கத்து வரிசையில்தான் நின்றான். ஓடி வந்து பார்த்ததும் பயந்துபோனான். ரத்தத்தைக் கண்டு அல்ல.

அந்த மலைப் பள்ளத்தாக்கில் யாருக்கு வெட்டுப்பட்டாலும் ஹோபர்ட்டைத்தான் கூப்பிடுவார்கள். அடிபட்டவனின் முழுப்பெயரைச் சேர்த்து, வேதாகம வசனம் ஒன்றை அவன் மனசுக்குள் சொன்னால் ரத்தம் நிற்கும். ஆள் எதிரில் இருக்கக்கூட வேண்டாம். அந்தச் சக்தி அம்மா கொடுத்தது. இன்னொருத்தருக்கு வாய்விட்டுச் சொன்னால் அது அவர்களோடு போய்விடும் என்பாள். அவனுக்குக் கொடுத்த பிறகு அவளால் ஒரு கீறலைக்கூட நிறுத்த முடியவில்லை.

போன வாரம் கல்லூரியிலிருந்து கொரின் என்ற அம்மாள் ஊர்ப் பழக்கவழக்கங்களைப் பதிவு செய்ய டேப் ரெக்கார்டரோடு வந்தாள். நிலாப் பார்த்து உருளைக்கிழங்கு நடுவது, பன்றி அறுப்பது என்று பேச்சு ஓடியதில் வசனத்தையும் சொல்லிவிட்டான். எந்திரத்துக்குத்தானே சொல்கிறோம், அது ஆளா என்ன என்ற நினைப்பு. எதிரில் ஒரு பொம்பளை உட்கார்ந்து கேட்டது, அவள் கார் வளைவு திரும்பிய பிறகுதான் உறைத்தது. அன்றிலிருந்து யாருக்கும் வெட்டுப்படக் கூடாதே என்று பயந்துகொண்டே திரிந்தான்.

இப்போது மண்டியிட்டுச் சொன்னான். மறுபடியும் சொன்னான். ரத்தம் நிற்கவில்லை. ஹோபர்ட்டின் மனைவி வெர்டா துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். அதுவும் நனைந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லாரி கேட்டு எஸ்டிலின் தம்பி ஓடியிருந்தான்.

"என்னடா என்னையே முறைக்கிற? வெட்டுன இலை வெயில்ல கருகுது பாரு," என்றான் எஸ்டில். உதடு வெளுத்திருந்தது.

ஹோபர்ட் வீட்டுக்குள் ஓடி கொரினுக்கு போன் போட்டான்.

"அம்மா, நான் சொன்ன வசனத்த நீங்க சொல்லணும். ஆள் பேரு எஸ்டில் ரே கோம்ப்ஸ்."

தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, டாக்டரிடம் போங்கள் என்றாள் அவள்.

"நம்பச் சொல்லலம்மா. மனசுக்குள்ள சொல்லுங்க, போதும். அது இப்ப உங்ககிட்டதான் இருக்கு."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு பெயரை மட்டும் தடுமாறிச் சொல்லி, மீதியை மனசுக்குள் படித்தாள்.

"ஏங்க, நின்னுருச்சு," என்று வெளியிலிருந்து வெர்டா சொன்னாள்.

அதைப் போனில் சொன்னான். கொரின் தணிந்த குரலில், அந்த டேப்பை நூலகத்துக்குக் கொடுத்தாயிற்று, யார் வேண்டுமானாலும் போட்டுக் கேட்கலாம் என்றாள்.

கேட்கிறவர்களோடு அது போய்விடும் என்று அம்மா சொன்னது ஹோபர்ட்டுக்கு ஞாபகம் வந்தது.

"அப்ப அடுத்தவனுக்கு வெட்டுப்பட்டா நான் யாரத் தேடுறது?"