எடைக்கு ஏறியவர்கள்

சில வாரங்களாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று வாசகர்கள் போன் செய்து கேட்டார்கள். உடம்புக்கு ஏதாவதா என்றார் ஒருவர். எழுத விஷயம் தீர்ந்துவிட்டதா என்றார் இன்னொருவர். அவர் குரலில் கொஞ்சம் சந்தோஷம் தெரிந்தது.

இரண்டும் இல்லை. வாரா வாரம் மதுரைக்குப் போய்வந்து கொண்டிருந்தேன். வேலையாக அல்ல, விசேஷத்துக்கும் அல்ல… எடையாக.

புரியவில்லையா? சொல்கிறேன். சிரிக்கிற விஷயம் போலத்தான் ஆரம்பிக்கும். ஆனால் சிரிப்பில் முடியாது. அதை இப்போதே சொல்லிவிடுவது மரியாதை.

காமயகவுண்டன்பட்டியில் எனக்கு எதிர்வீடு தங்கராசு. சொந்தமாக ஒரு ஜீப் வைத்து ஓட்டுகிறான். விடிவதற்குள் கம்பம் போய், கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தில் இறக்குவான். சாயங்காலம் அவர்களைத் திரும்பக் கூட்டிவருவான். என்னைவிட ரொம்பச் சின்னவன். வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுகிறவன். அதனால் அவன், அவள் என்றே எழுதுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

அவள் – செல்வி. தங்கராசுவின் மனைவி. நாற்பது வயதுகூட ஆகவில்லை. மார்பில் கட்டி என்று போன வருஷம் ஆபரேஷன் நடந்தது. பிழைத்துக்கொண்டாள் என்று தெருவே நிம்மதியாக இருந்தது. இந்த வருஷம் முதுகு வலிக்கிறது என்றாள். நோய் முதுகெலும்புக்கு இறங்கியிருந்தது.

வாரம் ஒரு தடவை மதுரைக்குக் கூட்டிவந்து கரண்டு வைக்க வேண்டும் என்றார் டாக்டர். கதிர்வீச்சு சிகிச்சைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். வைத்தால் குணமாகிவிடுமா என்று தங்கராசு கேட்டிருக்கிறான். வலி குறையும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துகொண்டான்.

கொடுமை என்னவென்றால், வலி குறைக்கப் போகிற வழியில்தான் வலியே. இற்றுப்போன முதுகெலும்பை வைத்துக்கொண்டு கம்பத்திலிருந்து மதுரைக்குப் போய்ப் பாருங்கள்… நம் ரோடுகளைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டுமா? நமக்குப் பள்ளம் என்றால் ஒரு குலுக்கல். அவளுக்கு ஒவ்வொரு பள்ளமும் ஓர் அடி. காரில் வைத்துக் கூட்டிப்போகலாம் என்றால் உட்கார முடியாது. வாடகைக்கு ஆம்புலன்ஸ் பிடித்தார்கள். அதுவும் ஒரு வேன்தானே! போய்த் திரும்பியபோது கீழுதட்டைக் கடித்தே புண்ணாக்கி வைத்திருந்தாள்.

"இனி என்னைய வண்டில ஏத்தாதீக. வலியோட இங்கனயே கெடக்குறேன்" என்று சொல்லிவிட்டாள்.

தங்கராசு டிரைவர். ஊரில் பாதிப் பேரை மலையேற்றி இறக்கியவன். பெண்டாட்டியை மட்டும் வலிக்காமல் மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை என்றால் எப்படித் தாங்குவான்? சொந்த ஜீப்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். செல்வியின் நோயை அவனால் எதுவும் செய்ய முடியாது. ஜீப்பையாவது ஏதாவது செய்யலாம் அல்லவா?

ஜீப் எண்பத்தெட்டாம் வருஷ மாடல். தோட்டத்துக்கு ஆள் அடைத்துப் போவதற்காக, பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டைகள் செருகி இறுக்கியிருந்தான். ஸ்பிரிங் குதித்தால் அந்தக் குதிப்பை அடக்குவதற்கு ஷாக் அப்சார்பர் இருக்கும் – எண்ணெய் அடைத்த குழாய், அவ்வளவுதான். அவன் வண்டியில் எண்ணெய் ஒழுகி எப்போதோ செத்துப்போயிருந்தது. கூலி ஆட்கள் யாரும் அதைப் பற்றிப் புகார் சொன்னதில்லை.

உத்தமபாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் காதர் பாயிடம் ஜீப்பைக் கொண்டுபோனான். புது மாடல் ஜீப் எல்லாம் பட்டாக ஓடுகிறதே, அதன் ஷாக் அப்சார்பரை இதில் மாட்டினால் என்ன என்று கேட்டான். மாட்டலாமே என்றார் பாய். மாட்டுகிற ஓட்டை பெரிதாக இருந்தது. லேத் பட்டறையில் கொடுத்து, உள்ளே போட புஷ் என்கிற இரும்பு வளையம் கடைந்து வாங்கினார்கள். கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. இருவருக்கும் அப்படி ஒரு சந்தோஷம்.

புதுசை மாட்டினால் பழசும் புதுசாகிவிடும் என்று நம் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. இந்த வயதில் நான் ஜீன்ஸ் பேன்ட் வாங்கியதும் அதனால்தான். பட்டன் மாட்ட முடிந்தது. உட்காரத்தான் முடியவில்லை.

அங்கேயும் அதே கதைதான். ஓட்டையின் அளவைப் பார்த்தார்கள், நீளத்தைப் பார்க்கவில்லை. புது மாடல் குழாய் கொஞ்சம் நீளம். பழைய ஜீப்பில் மாட்டியதுமே பாதி அமுங்கிப்போய் நின்றது. பள்ளத்தில் இறங்கும்போது மேற்கொண்டு அமுங்க இடம் இல்லை. இரும்பில் இரும்பு இடித்தது. கெஞ்சிக் கூத்தாடி செல்வியை ஏற்றிக்கொண்டு கிளம்பியவன், சின்னமனூர் தாண்டுவதற்குள் அவள் போட்ட சத்தத்தில் வண்டியைத் திருப்பிவிட்டான். அந்த வாரம் கரண்டு வைக்கவில்லை.

அதற்குப் பிறகு காதர் பாய் பழைய இரும்புக் கடையில் அதே வருஷத்து ஜீப்பிலிருந்து கழற்றிப் போட்ட ஷாக் அப்சார்பர்களைத் தேடிப் பிடித்தார். பிரித்துக் கழுவி, புது சீல் வைத்து, எண்ணெய் மாற்றி மாட்டினார். நீளம் சரியாக இருந்தது. இடிக்கிற சத்தம் நின்றது. ஆனாலும் வண்டி குதித்தது. இறுக்கிக் கட்டிய அத்தனை பட்டைகளும் ஆள் பாரத்துக்காக இருந்தவை, பாரம் இல்லாவிட்டால் அமுங்காமல் தூக்கிப்போடும். செல்வி ஒருத்தி எவ்வளவு பாரம்? நோய் அவளைப் பாதியாக்கி வைத்திருந்தது. பட்டையை உருவினால் மறுநாள் தோட்டத்துக்கு ஆள் ஏற்ற முடியாது, அடுப்பு எரியாது.

அவன் முகத்துக்காக அடுத்த வாரம் செல்வி மறுபடியும் ஏறினாள். போகும்போது வழக்கம்போல நரகம். திரும்பி வரும்போது ஆண்டிபட்டி கணவாய் பக்கம் ஒரு பஸ் பழுதாகி நின்றது. ரோட்டோரம் ஜனங்கள், கொளுத்துகிற வெயில், ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தை. படுத்தவாக்கில் செல்வி அதைப் பார்த்துவிட்டாள்.

"அந்தப் புள்ளைய வெயில்ல நிக்க விடாதீக. ஏத்திக்கங்க" என்றாளாம்.

ஒருத்தியை ஏற்றினால் மற்றவர்கள் விடுவார்களா? இரண்டு பக்க பெஞ்சும் நிறைந்தது. நடுவில் மெத்தையில் செல்வி. கொஞ்ச தூரத்தில் பின்னால் முனகல் நின்றுவிட்டது. தங்கராசு பயந்துபோய்த் திரும்பிப் பார்த்திருக்கிறான். தூங்கிக்கொண்டிருந்தாள். எத்தனையோ மாதமாக மாத்திரை போட்டும் தூங்காதவள்! தேனியில் எல்லோரும் இறங்கிக்கொண்டார்கள். வண்டி காலியாகி முதல் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் அலறிக்கொண்டு விழித்தாள்.

அன்று சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, வாற வாரம் மதுரைக்கு வாறீகளா?"

என்ன வேலை என்று கேட்டேன்.

"வெயிட்டுக்கு" என்றான்.

மணல் மூட்டை வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். மூட்டை சரிகிறது, தூசி பறக்கிறது. அவளுக்கு ஓர் இருமல் வந்தால் போதும், உயிர் போய்த் திரும்பும். ஆட்கள்தான் வேண்டும். என் உடம்பைப் பற்றி என் வீட்டில் பேசாத பேச்சில்லை. டாக்டர்கள் திட்டியிருக்கிறார்கள், ஆட்டோக்காரர்கள் முறைத்திருக்கிறார்கள். ஒருவர் வீடு தேடி வந்து மரியாதையோடு கேட்டது அதுதான் முதல் தடவை.

போனோம். தெருவில் நாலைந்து பெண்கள், மேலவீட்டு லட்சுமி, நான். காதர் பாய் ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டு உத்தமபாளையத்தில் ஏறிக்கொள்வார். மாட்டினது சரியா ஓடுதான்னு பார்க்கணும்ல என்பார். அதற்காக மட்டும் அவர் வரவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

செல்வி நடுவில் படுத்திருப்பதால், கால் பட்டுவிடக் கூடாது என்று பெஞ்சின்மேல் சம்மணம் போட்டுத்தான் உட்காருவோம். செருப்பைக் கழற்றி ஒரு சாக்கில் கட்டி முன்னால் வைத்துவிடுவான் தங்கராசு. என் உடம்புக்கு மதுரை வரைக்கும் சம்மணம்… முழங்கால் கழன்றுவிடும். வாயைத் திறப்பேனா?

முதல் நாள் எல்லோரும் ஆளுக்கொரு ஆறுதல் சொன்னார்கள். இதே வியாதி வந்து இன்னாருக்குக் குணமாகி இப்போது தோட்டவேலை செய்கிறார் என்று நானும் ஒரு கதை விட்டேன். செல்வி கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வெயிட்டுக்குத்தான வந்தீக? பேசாம உக்காந்து வாங்கண்ணே" என்றாள்.

எல்லோரும் சிரித்துவிட்டோம். அவளும் சிரித்தாள், சத்தம் வராமல். சிரித்தாலும் வலிக்குமே.

ஒரு தடவை வழியில் போலீஸ்காரர் ஒருவர் கை காட்டி நிறுத்தினார். ஜீப்பில் இத்தனை பேரா, யார் இவர்களெல்லாம் என்றார். வெயிட்டு சார் என்றார் பாய். அவர் கோபமாகப் பின்பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். மெத்தையையும், அதைச் சுற்றிக் காலை மடக்கி உட்கார்ந்திருக்கும் எங்களையும் கொஞ்ச நேரம் பார்த்தார். போகச் சொல்லிக் கை காட்டினார்.

வலி குறைந்ததா? வழியில் குறைந்தது. அவ்வளவுதான் எங்களால் முடிந்தது. வாரத்துக்கு வாரம் அவளைத் தூக்கி ஏற்றும்போது லேசாகிக்கொண்டே வந்தாள். இன்னும் ஓர் ஆளைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று மட்டும் தங்கராசு கேட்பான்.

கடைசியாகப் போனபோது டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கரண்டு வைக்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார் என்றான். ஏறி உட்கார்ந்தோம்.

உசிலம்பட்டியில் தண்ணீர் கேட்டாள். லட்சுமி ஸ்பூனில் கொடுத்தாள். ஆண்டிபட்டி கணவாய் தாண்டியதும் தூங்கிவிட்ட மாதிரி இருந்தது. அந்த இடத்தில் அவள் தூங்குவது வழக்கம்தானே என்று நானும் சாய்ந்துகொண்டேன். செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த லட்சுமி என்னைப் பார்த்தாள். நான் பாயைப் பார்த்தேன். பாய் குனிந்து அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். டிரைவரிடம் யார் சொல்வது?

கண்ணாடியில் எங்கள் முகங்களைப் பார்த்திருக்க வேண்டும். ஓரமாக நிறுத்தினான். இறங்கிப் பின்பக்கம் வந்தான். அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்தான். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை. அப்புறம் செருப்புச் சாக்கை எடுத்துவந்து எங்கள் முன்னால் வைத்தான்.

"எறங்குறவுக எறங்கிக்கங்கண்ணே. இங்கன பஸ்ஸு நிக்கும். இனி வெயிட்டு எதுக்கு…"

பஸ் வந்தது, நின்றது, போனது. யாரும் இறங்கவில்லை. சாக்கை லட்சுமி எடுத்து மறுபடியும் முன்னால் வைத்துவிட்டாள்.

எனக்கு அழுகையாக வந்தது. கோபமும் வந்தது – யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அங்கிருந்து ஊர்வரைக்கும் ஒவ்வொரு வேகத்தடையிலும் தங்கராசு முன்பு மாதிரியே வண்டியை ஊர்ந்து ஏற்றி ஊர்ந்து இறக்கினான். பள்ளம் பார்த்து ஒதுக்கினான். நாங்களும் காலைக் கீழே விடவில்லை. ஜீப் கொஞ்சம்கூட அலுங்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்களும் போய்விட்டார்கள். துக்கம் கேட்கப் போகிற இடத்தில் என்ன பேசுவது என்று எனக்கு எப்போதுமே தெரிந்ததில்லை. எழுதிப் பிழைக்கிறவனுக்கு வெட்கக்கேடுதான். இந்தத் தடவை எதிர்வீட்டுக்குப் போய்ப் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அதைத்தானே அவளும் சொல்லியிருந்தாள்?

நேற்றுக் காலை தங்கராசு வாசலில் வந்து நின்றான். உத்தமபாளையம் வரைக்கும் போக வேண்டும், சும்மா கூட வரமுடியுமா என்று கேட்டான். ஒர்க்‌ஷாப் வேலையா என்றேன்.

"வேலை ஒண்ணுமில்லண்ணே. காலி வண்டி ரொம்பக் குதிக்குது. ஓட்ட முடியல."

அந்த ஜீப்பைக் காலியாக எத்தனை வருஷம் ஓட்டியவன் அவன்!

சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். முன்சீட்டைத் துடைத்துவிட்டு அங்கே உட்காரச் சொன்னான். நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் போய் ஏறிக்கொண்டேன்.

எடை அங்கேதானே வேண்டும்?