சேவூர் சிங்கம் கழுத்தை முறித்த கதை

போன வாரம் காலை நடைக்குப் போனபோது எனக்கு முன்னால் ஒருவர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். அவர் முதுகில் சென்னியப்பன் இருந்தார். இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, மீசையை முறுக்கிவிட்டு, மாலையோடு நிற்கிற பழைய படம். கீழே வளைவாக ஒரு வரி: 'கழுத்தை முறித்த சேவூர் சிங்கம்'. பிரிண்ட் அவ்வளவு சுத்தமில்லை. நாலு சலவையிலேயே மீசை வெடித்திருந்தது.

எட்டி நடந்து அவரைப் பிடித்து, "பனியன்ல இருக்கறது யாருங்க?" என்று கேட்டேன்.

"தெரியிலீங்க. கம்பெனில குடுத்தாங்க. துணி நல்லா இருக்குதுங்க, வேர்வைய அப்படியே இழுத்துக்குது."

அவரைக் குறை சொல்ல முடியாது. திருப்பூரில் நாம் யாரை முதுகில் சுமக்கிறோம் என்று நமக்கே தெரியாது. எந்த நாட்டிலோ இருக்கிற கல்லூரியின் பெயரைப் போட்டுக்கொண்டு கத்தரிக்காய் வாங்கப் போவோம். ஆனால் அந்த வரி பொய். அது பொய் என்பதை நேரில் பார்த்தவர்களில் மிஞ்சியிருப்பது அநேகமாக நான் ஒருவன்தான். அதை வாரம் தவறாமல் மைக்கில் கத்தியவனும் நான்தான்.

அப்போது நான் ஒரு பனியன் கம்பெனியில் டைம் கீப்பர். ஆட்கள் வருகிற நேரத்தை அட்டையில் குறிப்பது வேலை. எனக்கென்று ஒரு திறமை இருந்தது என்றால் அது குரல்தான். தையல் மெஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது, "லோடு வந்திருக்குது, ரெண்டு பேர் வாங்க" என்று நான் கூப்பிட்டால் கடைசி லைன்வரை கேட்கும். அதை நான் ஏதோ பெரிய வித்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃப்ரீஸ்டைல் குஸ்தி நடத்துகிறவர்கள் என்னை மைக் பிடிக்கக் கூப்பிட்டபோது, உலகம் கடைசியில் என்னைக் கண்டுகொண்டது என்றே நம்பினேன்.

குஸ்தி நடந்த இடம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு பொட்டல். தார் டிரம்களை வரிசையாக நிறுத்தி, பலகை அடித்து, அதன்மேல் கட்டிங் வேஸ்ட் மூட்டைகளைப் பிரித்துக் கொட்டி, தார்ப்பாயால் இழுத்துக் கட்டுவார்கள். நாலு மணி வெயிலில் அதிலிருந்து ஒரு வாசனை எழும். புதுத் துணியும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை. ஏற்றுமதிப் பனியன்களிலிருந்து வெட்டி எறிந்த கழுத்து வட்டங்களும் கை வளைவுகளும்தான் எங்கள் மெத்தை. இப்போதும் ஏதாவது கம்பெனியின் பின்வாசலைத் தாண்டும்போது அந்த வாசனை வந்தால் எனக்கு ஜெபராஜ் ஞாபகம்தான் வரும், சென்னியப்பன் இல்லை. மெத்தைமேல் விழுந்தது அவர்தானே.

ஜெபராஜ் எங்கள் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். இளவயதில் ஊர் ஊராகப் போகிற ஒரு சர்க்கஸில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை கருப்புத் துணியில் தைத்த முகமூடியைப் போட்டுக்கொண்டால் அவர்தான் 'கருப்பு முகமூடி'. எல்லாக் கெட்ட காரியங்களையும் செய்வார். கண்ணில் மண் தூவுவார், நடுவரின் விசிலைப் பிடுங்குவார், முன்வரிசைப் பெண்களைப் பார்த்து உறுமுவார். ஜனங்கள் அவரை மனதாரத் திட்டுவார்கள். திங்கட்கிழமை அதே ஜனங்களோடு கம்பெனியில் நின்று பனியன் அயர்ன் பண்ணிக்கொண்டிருப்பார்.

சென்னியப்பன் சேவூர்க்காரர், தோட்டம் வைத்து விவசாயம் பார்த்த குடும்பம். கிணறு வற்றியபிறகு சாயப்பட்டறையில் துணிக்கட்டுத் தூக்க வந்தார். ஆள் பார்க்கச் சிலை மாதிரி இருப்பார். ஆனால் குஸ்தியில் ஒன்றும் தெரியாது. அவருக்குப் பிடி போடவும், தூக்கவும், முக்கியமாக அடிபடாமல் போடவும் சொல்லிக்கொடுத்தது ஜெபராஜ்தான். யார் ஜெயிப்பது என்பது ஞாயிறு மத்தியானம் சாப்பிடும்போதே முடிவாகிவிடும். எப்போதும் சிங்கம்தான் ஜெயிக்கும். கடைசியில் சிங்கம் முகமூடியைத் தலைக்குமேல் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, மெத்தையில் எறியும். ஜனங்கள் வருவதே அந்தத் தூக்குக்காகத்தான். விழுகிறவர் தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து அறைந்து விழுவார். அப்போது பெரிய சத்தம் வரும், அடி படாது. அப்படித்தான் ஜெபராஜ் எத்தனையோ ஞாயிறு விழுந்தார்.

அந்த ஞாயிறு மத்தியானம் ஜெபராஜ் கழுத்தைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார். "இன்னைக்கு தூக்கு வேண்டாம் அண்ணாச்சி. தாடை மடங்க மாட்டேங்கு."

"வேண்டாமுங்க. கால் பூட்டு போட்டு முடிச்சுக்கலாமுங்க" என்றார் சென்னியப்பன், சாதத்தைப் பிசைந்துகொண்டே.

ஜெபராஜ் என் பக்கம் திரும்பினார், உடம்போடு சேர்த்து. "தம்பி, மைக்குல தூக்கப்பத்திப் பேசிராதீங்க, என்ன?"

நான் சரி என்று தலையாட்டினேன்.

கால் பூட்டு பார்க்கிறவர்களுக்குச் சலிப்பானது. இரண்டு பேர் படுத்துக்கொண்டு ஒருவர் காலை ஒருவர் பிடித்திருப்பார்கள். ஐந்து நிமிஷத்தில் பின்வரிசையில் விசில் கிளம்பியது. சிலர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார்கள். கூட்டம் கலைவதை மைக் பிடிக்கிறவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நான் யோசிக்கவே இல்லை. வாய் பழக்கத்தில், "சிங்கம் தூக்குமா?" என்று கேட்டுவிட்டேன். அது நான் ஒவ்வொரு வாரமும் கேட்கிற கேள்வி. ஜனங்களும் ஒவ்வொரு வாரமும் சொல்கிற பதிலைச் சொன்னார்கள். பொட்டல் முழுக்க "தூக்கு, தூக்கு" என்று எழுந்தது. சென்னியப்பன் எழுந்து நின்றார். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து தூக்கினார்.

வழக்கமாக வருகிற பெரிய சத்தம் வரவில்லை. மூட்டையை வைத்தது போல ஒரு சத்தம்தான்.

கம்பெனி வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஜெபராஜ் பிழைத்தார். நெஞ்சுக்குக் கீழே அசைவு வரவில்லை. கைகளில் விரல் மட்டும் கொஞ்சம் ஆடும். அவருடைய மகள் ஸ்டெல்லா அப்போது ஒன்றாம் வகுப்போ இரண்டோ.

அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரமே சுவரில் புதுப் போஸ்டர் வந்தது. 'முகமூடியின் கழுத்தை முறித்த சேவூர் சிங்கம்'. நடத்துகிறவர் யோசனை. சென்னியப்பன் போஸ்டரைப் பார்த்துவிட்டு, "இது வேண்டாமுங்க, எடுத்துருங்க" என்றார். "இந்த ஒரு வாரம் போவட்டும் சாமி" என்றார் நடத்துகிறவர். அந்த ஞாயிறு பொட்டலில் நிற்க இடமில்லை. பல்லடத்திலிருந்து கூப்பிட்டார்கள், உடுமலையிலிருந்து கூப்பிட்டார்கள். சென்னியப்பன் பிறகு வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் போகிற ஊரிலெல்லாம் அந்த வரியைத்தான் கத்தினேன். வேறு ஆட்கள் முகமூடி போட்டு விழுந்தார்கள். ஒன்றரை வருஷம் கழித்துத்தான் நான் மைக் வேலையிலிருந்து நின்றேன். மனசாட்சி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டார் குஸ்திக் கொட்டகை வேலை வேண்டாம் என்றார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சென்னியப்பனை நீங்கள் தப்பாக எடைபோட்டுவிடுவீர்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கெல்லாம் அவர் வேலம்பாளையத்தில் ஜெபராஜ் குடியிருந்த லைன் வீட்டுக்குப் போய்விடுவார். ஜெபராஜை அலுங்காமல் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டி, முதுகில் புண் வராமல் தைலம் தேய்த்து, சட்டை மாட்டிவிடுவார். அதற்குப்பிறகு ஜெபராஜின் மனைவி சர்ச்சுக்குப் போவாள். பின்னாளில் சென்னியப்பன் சொந்தமாகக் கம்பெனி வைத்து, கார் வாங்கி, முதலாளிகள் சங்கத்தில் பொறுப்பு எல்லாம் வந்தபிறகும் அது நிற்கவில்லை. நானும் சில ஞாயிறுகள் போயிருக்கிறேன். இரண்டு பேரும் மழை, மாடு, நூல் விலை என்று பேசுவார்கள். குஸ்திப் பேச்சு வராது.

ஒருநாள் திரும்பி வரும்போது நானே கேட்டேன். "அன்னிக்கு அவரு சொன்னது உங்களுக்கு மறந்துபோச்சுங்களா?"

"மறக்கலீங்க. சத்தம் கேட்டுச்சு. கை அதுவாத் தூக்கிருச்சு." கொஞ்ச தூரம் நடந்தபிறகு, "கைமேல பழியப் போடறேன் பாருங்க" என்றார்.

அன்று மைக்கில் நான் கேட்ட கேள்வியைப்பற்றி அவர் பேசவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஜெபராஜிடம், நடந்ததை ஊருக்குச் சொல்லிவிடலாமா என்று ஒரு தடவை கேட்டேன். கட்டிலில் படுத்தபடி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எல்லாரும் நெசச் சண்டைன்னு நெனைக்காங்க. நெனைச்சிட்டுப் போட்டும். நாடகம்னு சொல்லிட்டா, எங் கழுத்து நாடகத்துல ஒடிஞ்சதால்லா ஆயிரும்? சண்டையில ஒடிஞ்சதாவே இருக்கட்டும் தம்பி. யார்ட்டயும் சொல்லாதீங்க."

அதனால் அவரைப் பார்க்க வருகிறவர்களிடம் அவரே, சிங்கத்தின் பிடி எப்படிப்பட்டது, தான் மாட்டிக்கொண்டது எப்படி என்று விவரமாகச் சொல்வார். சென்னியப்பனும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். முதலில் தலையைக் குனிந்து கேட்டவர் போகப்போக நிமிர்ந்து கேட்க ஆரம்பித்தார். ஜெபராஜ் போய்ச் சேர்ந்தபிறகு கல்யாண வீடுகளில் சென்னியப்பனே அந்தக் கதையைச் சொன்னார். முகமூடி இடுப்பில் கத்தி வைத்திருந்தான் என்றுகூட ஒரு பந்தியில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

அவரும் காலமானபிறகு அவர் மகன் கார்த்தி அப்பா பெயரில் ஓர் உடற்பயிற்சிக் கூடம் கட்டினான். வாசலில் பதிக்கக் கருங்கல்லில் அப்பாவின் வரலாறு. திறப்பு விழாவுக்குச் சில நாள் முன்பு ஸ்டெல்லா என்னைத் தேடி வந்தாள். அவள் இப்போது ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவள். செல்போனில் கல்லைப் படம் பிடித்து வைத்திருந்தாள். மூன்றாவது வரியில் கழுத்து இருந்தது.

"சண்டை நாடகமோ நெசமோ, எனக்கு அந்தப் பேச்சு வேண்டாம் அங்கிள்" என்றாள். "சென்னியப்பன் மாமா எங்களுக்குச் செஞ்சத நான் மறக்கல. ஆனா கல்லுல எழுதியிருக்கது எங்கப்பா கழுத்து. அதுக்கு மாலை போடுவாங்களா? நீங்க சொன்னா கார்த்தி கேப்பாங்க."

எனக்குத் தர்மசங்கடம். அந்த வரியை எடுக்கவைக்க வேண்டுமானால் கார்த்தியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்லாதே என்றவர் இவளுடைய அப்பா. அதைவிட, உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் என் கேள்வியில்தான் ஆரம்பிக்க வேண்டும். அவளிடமே ஆரம்பித்தேன். மத்தியானச் சாப்பாடு, தலையாட்டியது, மைக், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் செல்போனை அணைத்துப் பைக்குள் வைத்தாள். "அப்பா இத எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றாள். பிறகு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "நாளைக்கு வாங்க. கார்த்தியப் பாப்போம்" என்றாள்.

கார்த்தி தன் கம்பெனி கேபினில் எங்களுக்கு டீ சொல்லிவிட்டுப் பொறுமையாகக் கேட்டான். நான் முடித்ததும் அவன் முதலில் கேட்டது கல்லைப்பற்றி இல்லை.

"அப்ப எங்கப்பா ஜெயிச்சது ஒண்ணுகூட நெசமில்லீங்களா மாமா?"

"ஜெயிச்சாரு கண்ணு. அவிய அப்பா ஜெயிக்க வெச்சாரு" என்று ஸ்டெல்லாவைக் காட்டினேன்.

அவன் எழுந்து போய்க் கண்ணாடி வழியாகத் தையல் லைனைப் பார்த்துக்கொண்டு நின்றான். "வரிய எடுத்தறலாமுங்க" என்றான், எங்கள் பக்கம் திரும்பாமல். "ஆனா வேற ஒண்ணும் என்னால எழுத முடியாதுங்க. எழுதுனா அப்பா பொய் சொன்னாருன்னு ஆயிரும்."

ஸ்டெல்லா, "அது போதும்ணா" என்றாள்.

கல்லை மாற்றினான். புதுக் கல்லில் ஜெபராஜ் பெயர் இல்லை, கழுத்தும் இல்லை. விழாவுக்கென்று அடித்து வைத்திருந்த பனியன்களை அன்று கொடுக்கவில்லை. பிறகு யாரோ வீணாகப் போகிறதே என்று ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். நான் ஜெபராஜின் சொல்லை மீறினேனா, காப்பாற்றினேனா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஸ்டெல்லா ஈஸ்டருக்குக் கேக் அனுப்பினாள். அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாமா என்பதும் தெரியவில்லை.

அந்தப் பொட்டலில் இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. டீ இடைவேளையில் பீகார்ப் பையன்களும் நம் பையன்களும் சேர்ந்து செல்போனில் வெள்ளைக்காரக் குஸ்தி பார்க்கிறார்கள். "எல்லாம் செட்டப்பு" என்று சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே கடைசிவரை பார்க்கவும் செய்கிறார்கள். எங்கள் நாளில் ஆட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர், பெரும்பாலும் இடுப்பில் குழந்தையோடு ஓர் அம்மா, மைக் மேஜைக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தணித்துக் கேட்பார்: "ஏனுங்க, நெசமாலுமே அடிச்சுக்கறாங்களா?" நான், "நெசந்தானுங்க" என்பேன். பயமும் சந்தோஷமுமாக வீட்டுக்குப் போவார். அப்படி ஒருவர் வந்து கேட்கிற காலம் போய்விட்டது.

ஜெபராஜ் விழுந்த அன்றைக்கு மட்டும் யாரும் வந்து கேட்கவில்லை.