நிற்கிற படகுக்கு ஆகும் செலவு

“நிக்கிற படகு என்ன சோறா திங்கிது?” என்று சின்னத்தா கேட்டார். அத்தாவின், அதாவது என் அப்பாவின், தம்பி அவர். மீன் கம்பெனிகளுக்கு ஐஸ் ஏற்றும் லாரி வைத்திருப்பவர். “ஓடுற படகுக்குத்தாம்மா டீசலு, ஐஸு, ஆளு எல்லாம். நிக்கிறது அது பாட்டுக்கு நிக்கிது. பி.காம் படிச்சுட்டா தண்ணிக்கும் கணக்கு எழுதுவியா?”

அத்தாவும் சேர்ந்து சிரித்தார். அண்ணன் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. மதினி ஆட்டுக்கறியில் கொழுப்பை வெட்டி ஒதுக்கிக்கொண்டே, “சின்னத்தா, ஒங்க லாரிய ஒரு மாசம் நிப்பாட்டிப் பாருங்களேன்” என்றார். அதற்குப் பிறகு சின்னத்தா பேச்சை மாற்றிவிட்டார்.

நான் அன்று சொன்னது பெரிய விஷயமில்லை. கத்தாரிலிருந்து அண்ணன் அனுப்பும் பணத்தில் பெரும்பகுதி ஜெட்டி என்கிற படகுத்துறையில் நிற்கும் எங்கள் விசைப்படகுக்குப் போகிறது. அப்படிப் போய்க்கொண்டிருக்கும்வரை அண்ணனால் ஊருக்கு வர முடியாது. அவ்வளவுதான். அண்ணன் விமானம் ஏறியபோது மதினி வயிற்றில் இருந்த பிள்ளை இப்போது அங்கன்வாடிக்குப் போகிறது. அப்பனை போனில்தான் பார்த்திருக்கிறது. அண்ணனுக்கு லீவு கிடைக்கிற ஒவ்வொரு முறையும் படகுக்கு ஏதாவது வந்துவிடும். ஒரு முறை அடிப்பலகை உளுத்துப் போனது. இன்னொரு முறை இன்ஜின். டிக்கெட்டுக்கு வைத்திருந்த காசு அதில் இறங்கும். “சரி விடு, அடுத்த வருசம் பாப்போம்” என்பான் அண்ணன். அதைச் சொல்லும்போது அவன் குரல் மதினிக்குக் கேட்காத அளவுக்குத் தாழ்ந்துவிடும்.

படகு ஏன் நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அத்தா படகின் தளத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு அடிபட்ட பிறகு கடலுக்குப் போகவில்லை. வாடகைக்கு ஒரு டிரைவரைப் பிடித்தோம். மீன் கிடைக்காவிட்டால் அவர் இலங்கை எல்லைக்கோட்டை நோக்கித் திருப்புகிறார் என்று காதுக்கு வந்ததும் அத்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. அங்கிட்டுப் பிடிபட்ட படகு திரும்பி வருமா என்று எங்கள் ஊரில் யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். அந்த டிரைவரை நிறுத்தினார். அடுத்து வந்தவர் முன்பணம் வாங்கிக்கொண்டு பெரிய படகுக்குப் போய்விட்டார். போனால் பறிபோகும் என்ற பயத்தில் அத்தா படகைப் போகவே விடவில்லை.

ஆனால் அது சும்மா நிற்கவில்லை. மரப்படகு. தண்ணீரில் கிடந்தால் அடியில் கொட்டலசு என்கிற சிப்பி ஒட்டும், பலகை இடுக்கில் நீர் ஊறும். ஊறின நீரை மோட்டார் போட்டு இறைக்க வேண்டும். அதற்குப் பேட்டரி, பேட்டரிக்குச் சார்ஜ். இன்ஜினை இடையிடையே ஓட்டிவைக்காவிட்டால் இறுகிவிடும். நின்ற இடத்திலேயே டீசல் எரியும். பக்கத்துப் படகோடு உரசாமல் இருக்கக் கட்டித் தொங்கவிட்ட டயர்கள் கிழியும். கயிறு அறும். காவலுக்கு ஆள் வேண்டும். விசைப்படகுச் சங்கத்துக்குச் சந்தா. சரி, தண்ணீரில் வேண்டாம், கரையேற்றிவிடலாம் என்றால் வெயிலில் பலகை சுருங்கி இடுக்கு விட்டுவிடும். அதனால் மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் கரையேற்றி, பழுது பார்த்து, பெயிண்ட் அடித்து, புத்தம் புதிதாகத் திரும்பவும் நிற்பதற்காக இறக்குவோம்.

இதெல்லாம் போக இன்னொரு செலவு உண்டு. கடலுக்குப் போய் வரும் படகுகள் ஒரு நடைக்கு இவ்வளவு என்று பள்ளிவாசலுக்கு ஒரு பங்கு கொடுக்கும். தொழிலுக்குப் போகாத படகிடம் யாரும் கேட்பதில்லை. அத்தா கேட்காமலே கொடுப்பார். எதிர்வீட்டுப் படகு கொடுத்த அன்றே கொடுப்பார். எங்கள் படகு ஓடிக்கொண்டிருப்பதாக அந்த நேரத்துக்கு மட்டும் அவருக்கே தோன்றும் என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் எனக்குத் தெரிந்ததற்குக் காரணம், அந்தப் படகு என் பெயரில் இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். முதல் பட்டதாரி என்று தாசில்தார் கொடுத்த சான்றிதழை அத்தா கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார், மக்கா படத்துக்குக் கொஞ்சம் கீழே. நான் தேர்வு முடித்து வந்த ஆண்டு, படகுக்கு அரசாங்கப் பதிவு புதுப்பிக்க வேண்டியிருந்தது. “எம் மவ பேருக்கு மாத்திருங்க. அது இங்கிலீசுலயே கையெழுத்துப் போடும்” என்று அலுவலகத்தில் சொல்லி, என் பெயருக்கு மாற்றிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் மகன் பெயரில் எழுதியிருப்பார்கள். மகன் வெளிநாட்டில், மகள் படித்தவள். அத்தாவுக்கு அதைவிடப் பெரிய பரிசு எதுவும் தோன்றவில்லை. எனக்கும் அன்று தலைகால் புரியவில்லை. வாங்கிக்கொண்டது பரிசா விலங்கா என்று யோசிக்கிற வயது அது இல்லை.

ஓனர் என்றால் மீன்வளத் துறை ஆய்வுக்கு ஓனர் நேரில் நிற்க வேண்டும். மானிய டீசலுக்கு ஓனர். எதற்கெடுத்தாலும் ஓனர். திருச்சியில் ஒரு வேலை கிடைத்தது. போக முடியவில்லை. எங்கள் தெருப் பெண்கள் ஜெட்டிப் பக்கம் போவதில்லை. முதல் ஆண்டு ஆய்வுக்குத் துப்பட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு நான் போய் நின்றபோது வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

“வழி விடுங்கப்பா, ஓனரம்மா வாராங்க!”

“ஓனரம்மா, என்னைக்குக் கடலுக்குப் போறீங்க? நாங்களும் கூட வாரோம்.”

“நீங்க பத்தாவது பாஸ் பண்ணுன மறுநாப் போவோம்ணே” என்றேன். சுற்றி நின்றவர்கள் அவரைக் கேலி செய்ய ஆரம்பித்ததும் நான் தப்பித்தேன். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. அறந்தாங்கி பஸ்ஸில் கண்டக்டர் கூட, “ஓனரம்மாவுக்கு எடம் குடுங்க” என்பார்.

இடம் என்பதுதான் எங்கள் கதையின் முடிச்சு என்று எனக்குப் புரிய இன்னும் கொஞ்ச காலம் ஆனது.

எங்கள் ஜெட்டியில் படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டுவார்கள். சுவரை ஒட்டி ஒன்று, அதை ஒட்டி இன்னொன்று, அதற்கு அப்பால் வேறொன்று. சுவரோரப் படகுக்குக் காற்று மழையில் அடி படாது. கரையிலிருந்து அப்படியே கால் வைத்து ஏறலாம். ஆனால் வெளியே நிற்பவை நகர்ந்தால்தான் அது நகர முடியும். எங்களுடையது சுவரோரம். ஜெட்டி கட்டிய காலத்தில் முதலில் கட்டிய சிலரில் அத்தாவும் ஒருவர். அந்த இடத்தைக் காசுக்கு விற்கவோ வாங்கவோ கூடாது என்பது சங்கத்து வழக்கம். படகு பழுதுக்குப் போனால் அதன் கயிறு ஒன்றை இரும்புக் குத்துக்கம்பத்திலேயே விட்டுவிட்டுப் போவார்கள். கயிறு கிடக்கும்வரை அந்த இடத்தில் இன்னொருவர் கட்ட மாட்டார். படகு வேறு ஊருக்குப் போய்விட்டால் இடமும் போனது.

போன தடைக்காலத்தில் படகைக் கரையேற்றியிருந்தோம். எங்கள் கயிறு மட்டும் கம்பத்தில் கிடந்தது. கயிறு புதியது, அத்தா அதற்கென்றே வாங்கியது. பக்கத்துப் படகுக்காரர் என்னைப் பார்த்து, “ஏம்மா, ஒங்க கயிறு மட்டும் தனியாத் தொழிலுக்குப் போவுதா?” என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டுத்தான் நடந்தேன். மீன் ஏலக் கொட்டகை வரை வந்த பிறகுதான் சிரிப்பு நின்றது. நாங்கள் காப்பாற்றிக்கொண்டிருந்தது படகை அல்ல. அந்த இடத்தை. அண்ணன் ஒரு சுவரோரத்துக்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறான்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அத்தாவிடம் கேட்டேன்.

“படக வித்தா என்னத்தா?”

“வித்தா எடம் போயிரும்.”

“ஓடாத படகுக்கு எதுக்கு எடம்?”

“எடம் இருந்தா என்னைக்காவது ஓடும். எடம் போனா நான் ஜெட்டிக்குப் போயி யாரு படகுல ஒக்காருவேன்? சொல்லு பாப்போம்.”

“அண்ணன் வர வேணாமா?”

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, “ஒன்னயப் படிக்க வச்சது அந்தப் படகுதான். அத மறந்துறாத” என்றார்.

அது உண்மை. புதுக்கோட்டையில் நான் தங்கிப் படித்த ஹாஸ்டலுக்கு, புத்தகத்துக்கு, பஸ்ஸுக்கு எல்லாம் இறால் சீசன்தான் பணம் கட்டியது. அந்த வாக்கியத்தை அவர் சொல்லிவிட்டால் வீட்டின் எல்லாக் கதவுகளும் சாத்தினது போல் ஆகிவிடும். ஜன்னல் வழியாகக் கூடப் பேச முடியாது. மதினி என்னைப் பார்த்தார். நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

அதே தடைக்காலத்தில் நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒருவர் விலை பேச வந்திருந்தார். முன்பும் வந்தவர்தான். அவர் ஒப்புக்கொள்ளும் விலைக்கு மேல் கொஞ்சம் ஏற்றிச் சொல்வது அத்தாவின் வழக்கம். அவர் அதற்கும் நெருங்கி வந்தால் இன்னும் ஏற்றுவார். இந்த முறை ஓனர் இருக்க வேண்டும் என்று வந்தவரே கேட்டதால் நானும் கரைக்குப் போயிருந்தேன். சின்னத்தாவும் வந்திருந்தார். வந்தவர் சின்னச் சுத்தியலால் பலகையைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார்.

“மரம் நல்லாத்தான் இருக்கு பாய். இன்ஜின்தான் நின்னே கெட்டுப் போச்சு” என்று சொல்லிவிட்டு ஒரு விலை சொன்னார். நியாயமான விலை. நான் மனதுக்குள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல்.

“எடத்துக்கும் சேத்துப் போடுங்க” என்றார் அத்தா.

“ஒங்க எடத்த எங்க ஊருக்கு எப்புடிங்க கொண்டு போறது? லாரியில ஏத்தவா?”

பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சின்னத்தாவும் சிரித்தார், பிறகு அத்தாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அத்தா திரும்பி, படகின் முன்பக்கத்தில் கையை வைத்து நின்றார். “விக்கிறதா இல்ல” என்றார் படகைப் பார்த்தே. வந்தவர் சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை நோக்கி நடந்தார்.

எனக்கு அந்தக் கணத்தில் துணிச்சல் வந்தது என்று எழுதினால் அது பொய். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவர் பைக்கை உதைத்தால் அடுத்த தடைக்காலம் வரை வர மாட்டார், அதுவரை அண்ணனும் வர மாட்டான் என்ற ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

“அண்ணே, நில்லுங்க. நீங்க சொன்ன வெலைக்குச் சம்மதம்.”

அவர் திரும்பி அத்தாவைப் பார்த்தார்.

“அவங்களப் பாக்காதீங்க. ஓனரு நான்தான்” என்றேன்.

சின்னத்தாதான் முதலில் வாய் திறந்தார். “நல்லாருக்கும்மா. படிக்க வச்சதுக்கு நல்ல கூலி குடுத்துட்ட.” அத்தா அவரைக் கையமர்த்தினார். என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தியிருந்தால் அவர் வேண்டாம் என்று சொல்லியிருப்பார், நானும் கேட்டிருப்பேன். “அது பேருலதான் இருக்கு. அதுகிட்டயே பேசிக்கங்க” என்று வந்தவரிடம் சொல்லிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு தனியாக வீட்டுக்கு நடந்து போனார். நான் கூடப் போகவில்லை. முன்பணத்தை வாங்கிக்கொண்டு நின்றேன்.

இதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. பெயர் மாற்றச் சங்கத்தின் கடிதம் வேண்டும். சங்கத்தில் அத்தாவின் வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்கிறார்கள். அதற்குள் தடைக்காலம் முடிந்து படகைத் தண்ணீரில் இறக்க வேண்டியதாகிவிட்டது. அது மறுபடியும் சுவரோரம் நிற்கிறது. நீர் ஊறுகிறது. காவல்காரர் சம்பளத்துக்கு எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். அத்தா என்னோடு பேசுகிறார், சோறு வை, கதவைச் சாத்து என்ற அளவுக்கு. பள்ளிவாசலுக்கு இன்னும் கொடுக்கிறாரா என்று நான் கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணன் கூப்பிட்டபோது போனை மதினியிடமிருந்து வாங்கினேன்.

“இந்த மாசம் படகுக்குன்னு எதுவும் அனுப்பாத. லீவுக்கு எழுதிக் குடு.”

“படகு செலவு?”

“அத நான் பாத்துக்கிறேன்.”

“நீ எங்கேருந்து பாப்ப?”

அறந்தாங்கியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன் என்று அவனிடம் சொன்னேன். காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புகிறேன். திருச்சி வேலையில் பாதிச் சம்பளம்கூட இல்லை. காவல்காரருக்கும் பேட்டரிக்கும் முதல் சம்பளத்தில் கொடுத்தாகிவிட்டது. மீதியை அண்ணனின் டிக்கெட்டுக்கென்று தனியாகப் போட்டு வைத்திருக்கிறேன்.