யூலிற்றா கொண்டுபோன போத்தல்

1962ஆம் ஆண்டு, அந்தோனியார் திருநாளுக்கு மறுநாள் வியாழக்கிழமை, யூலிற்றா முல்லைத்தீவுக் கரையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினாள். மடியில் கழுவிக் காயவைத்த போத்தல் ஒன்று. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசு வாங்குவதில்லை. ஊற்றி வாங்கப் போத்தல் மட்டும் நோயாளிதான் கொண்டுபோக வேண்டும்.

யூலிற்றா கருவாட்டுக் கடகத்தைத் தலையில் வைத்து நெடுங்கேணிப் பக்கம் வீடு வீடாக விற்பவள். மாசியில் வள்ளத்தடியில் வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை, ஆனால் வலது தோள் இறுகிக் கை நெஞ்சுக்கு மேலே எழும்ப மறுத்தது. கடகம் தலைக்கு ஏறாவிட்டால் வியாபாரம் ஏது? "சுகம் வருமட்டும்" என்று அவளுடைய வாடிக்கை வீடுகளைப் புருஷனின் தங்கை றோஸ்மேரி எடுத்துக்கொண்டாள். எடுத்ததை லேசில் திருப்பித் தருகிறவள் அல்ல அவள்.

"பெரியாஸ்பத்திரியிலை இறுகின கைகாலை இளக்கிற வைத்தியம் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம். அரசாங்கம்தான், காசில்லை" என்று உள்ளூர் டொக்டர் சொல்லியிருந்தார்.

ஆனையிறவு தாண்டும்போது கூடவந்த புருஷன் கொன்ஸ்ரன்ரைன் கேட்டான்: "அந்த டொக்டற்றை பேர் என்னப்பா?"

"நீங்களெல்லோ கேட்டிருக்க வேணும்!"

பெரியாஸ்பத்திரியில் "இளக்கிற டொக்டர்" என்று விசாரித்தால் யாருக்கு விளங்கும்? பிள்ளைப்பேற்று வாட்டு வாசல்வரை போய்த் திரும்பினார்கள். கடைசியில் ஒரு நீள அறை. பாய்கள், கயிறுகள், மரச்சட்டங்கள். மருந்து மணமே இல்லை. வெள்ளைச் சட்டை போட்ட இளம்பெண் ஒருத்தி யூலிற்றாவைச் சுவரோரம் நிறுத்தி, "விரலாலை சுவரிலை ஏறுங்கோ அம்மா, எறும்பு ஏறுற மாதிரி" என்றாள். விரல்கள் நெஞ்சளவில் நின்றன. அவள் அங்கே பென்சிலால் கோடு போட்டாள்.

தையற்காரன் அளவெடுப்பதுபோல் டொக்டருக்காக அளக்கிறாள் என்று யூலிற்றா நினைத்தாள். எல்லாரும் மிஸ்ஸி என்று கூப்பிட்ட அந்தப் பெண் வீட்டில் என்ன செய்வது, எப்போது திரும்பி வருவது என்று விளக்கமாகச் சொன்னாள். யூலிற்றா எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றாள். கண் மட்டும் டொக்டர் வரப்போகும் வாசலில் இருந்தது. பிறகு இருவரும் வெளியே வாங்கில் குந்தியிருந்தார்கள். அறைக்குப் பூட்டு விழுந்தது. டொக்டர் வரவில்லை. போத்தல் வெறும் போத்தலாகவே திரும்பியது.

"என்னதான் செய்தவை, மச்சாள்?" என்று றோஸ்மேரி கேட்டாள்.

யூலிற்றா மண்சுவரில் விரலை ஏற்றிக் காட்டினாள். றோஸ்மேரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மறுநாள் பெண்கள் இருவரைக் கூட்டிவந்தாள். "யாழ்ப்பாணத்து வைத்தியத்தை இவைக்கும் ஒருக்காக் காட்டுங்கோ!"

"பார், நல்லாப் பார்!" என்று யூலிற்றா கோபத்தோடு ஏற்றினாள். நோவில் கண்ணீர் வந்தது. ஆனாலும் தன்னை அலைக்கழித்த கதையைச் சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை. தண்ணீருக்கு வந்தவர்கள், வலை பொத்த வந்தவர்கள், எல்லாருக்கும் காட்டினாள். றோஸ்மேரி வேடிக்கைக்குக் கரியால் கோடு போட்டாள். "நேற்று இவ்வளவுதான், இண்டைக்கு எறும்பு எங்கை போகுது பாப்பம்!"

நத்தார்ப் பண்டிகை நெருங்கியபோது விரல் கூரைக் கிடுகைத் தொட்டது. றோஸ்மேரி சிரிப்பதை நிறுத்தினாள். ஊர்ப் பரியாரி தந்த எண்ணெயின் வேலை என்றான் கொன்ஸ்ரன்ரைன். யூலிற்றா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். சுவரை யாரும் நினைக்கவில்லை.

தையில் அவள் கையை நீட்டினாள். "கடகத்தை இஞ்சை தா."

"இன்னும் நோகுதெல்லோ, மச்சாள்?"

"தா எண்டனான்."

அடுத்த அந்தோனியார் திருநாளும் கழிந்தது. கால் முறிந்து பெரியாஸ்பத்திரியில் கிடந்த அயல்வீட்டு மத்தேயு கம்பூன்றி வந்தான். யூலிற்றா கடகத்தோடு பஸ்ஸுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எனக்கு நடை பழக்கின மிஸ்ஸி, நான் இந்த ஊர் எண்டதும் உங்களுக்குச் சொல்லிவிட்டவா. போத்தலோடை வந்த அம்மாவுக்கு விரல் இப்ப எவ்வளவுக்கு ஏறுது, ஏன் திரும்பி வரேல்லை எண்டு கேட்டவா."

"அந்தப் பெட்டையோ? டொக்டர் என்ன சொன்னவர்?"

"வேறை டொக்டர் இல்லையக்கா. அந்த வைத்தியம் செய்யிறவா அவாதான். சுவரிலை ஏறினதுதான் மருந்து."

யூலிற்றா சுவரைப் பார்த்தாள். கரிக்கோடுகள் கூரைவரை ஏறி நின்றன. வலது கை தலைக்கு மேலே கடகத்தைப் பிடித்தபடி இருந்தது.

"என்ன விசர்க்கதை, மத்தேயு," என்றாள். "குடிக்க ஒண்டும் தரேல்லையே?"