மேல்வரிசையும் கீழ்வரிசையும்

காலையில் என் வீட்டுக்காரர் வாய் கொப்பளித்துத் துப்பினால் ரத்தம் கலந்து சிவப்பாகத்தான் போகும். அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, "ஒடம்பு சூடும்மே. ஒரு எளநி குட்ச்சா சரியாப் பூடும்" என்பார். எண்ணூர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகும் டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். அந்தச் சாலையில் வரிசையில் நின்றுவிட்டால் எப்போது உள்ளே விடுவார்கள் என்று ஆண்டவனுக்கே தெரியாது. தூக்கம் வராமலிருக்கக் கீழ் உதட்டுக்குள் புகையிலையை அடக்கிக்கொள்வார். இதில் இளநீர் போய் எதைக் குளிர்விக்கும்?

எனக்கும் அப்போது ரத்தம் வந்துகொண்டிருந்தது. பிரஷ் பட்டால் புண் பெரிதாகும் என்று பயந்து, அந்தப் பக்கத்தை விட்டுவிட்டே தேய்த்து வந்தேன். ஊரில் எல்லோரும் செய்கிற முட்டாள்தனம்தான். கடைசியில் பயம் தாங்காமல் அவரையும் இழுத்துக்கொண்டு டோல்கேட் பக்கம் ஒரு பல் டாக்டரம்மாவிடம் போனேன். இழுத்துக்கொண்டு என்பது பேச்சுக்குச் சொன்னதில்லை. சட்டையைப் பிடித்துத்தான் ஷேர் ஆட்டோவில் ஏற்றினேன்.

டாக்டரம்மா இரண்டு பேர் வாயையும் பார்த்தார். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் அழுக்கு தங்கி இறுகிப்போயிருக்கிறது, அதற்குப் பெயர் பற்காரை, ஈறு வீங்கி ரத்தம் வருவது அதனால்தான், சூட்டால் இல்லை என்றார்.

"இது ஆரம்பம்தான். அடியில எலும்பு இன்னும் கரையல. இப்பவே சுத்தம் பண்ணிட்டா ஈறு பழையபடி ஆயிடும். விட்டுட்டீங்கன்னா பல்லு ஆட ஆரம்பிச்சிடும். கரைஞ்ச எலும்ப அப்புறம் என்னால திரும்பக் கொண்டுவர முடியாது."

மெல்லிய பிரஷை ஈறு ஓரத்தில் சாய்த்து வைத்து, அழுத்தாமல், காலையிலும் படுக்கப்போகும் முன்பும் தேய்க்க வேண்டும். ரத்தம் வருகிற இடத்தைத்தான் விடவே கூடாதாம். புகையிலையை அடியோடு நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். இவ்வளவு சுலபமா என்று எனக்கு நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது.

எனக்குக் காரையைச் சுரண்டி அன்றைக்கே முடித்துவிட்டார். அவருக்குக் காரை அதிகம் என்பதால் அன்று மேல்வரிசை, அடுத்த வாரம் கீழ்வரிசை என்றார்.

அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தவர் துள்ளிக் குதித்தார், பல் கூசியதாம். கண்ணாடியில் பார்த்தால் மேல் பற்களுக்கு நடுவே சந்து. காரை அடைத்துக்கொண்டிருந்த இடம் அது, கூச்சம் கொஞ்ச நாளில் போய்விடும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். யார் காதில் வாங்கியது?

"பல்லப் புட்ச்சிகினு இருந்ததே அந்தக் காரதாம்மே. அத்தப் போயி நோண்டி வுட்டாங்களே. இனிமே பல்லு நிக்குமா?"

அவரை மட்டும் திட்டிப் பயனில்லை. நாங்கள் இருப்பது திருவொற்றியூரில், கடலை ஒட்டிய பழைய அடுக்குமாடி வீடு. உப்புக்காற்றில் உள்ளே கம்பி துருப்பிடித்து, கூரைக் காரை உப்பிக்கொண்டு நிற்கும். அதைத் தொடக்கூடாது. கை வைத்தால் கூடை கூடையாகக் கொட்டும். நோண்டாதே என்பதுதான் எங்கள் கட்டடத்தில் குழந்தைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது. மனிதர் அதே கணக்கை வாய்க்குள்ளும் போட்டுவிட்டார். அந்த டாக்டரம்மா காரைக்கு வேறு பெயர் சொல்லியிருந்தால் என் குடும்பத்தில் கொஞ்சம் பல் மிஞ்சியிருக்கும்.

எனக்கு ரத்தம் நின்றுபோனது. ஈறு இறுகியது. கொய்யாவைக் கடித்து, ரத்தம் படாமல் வெள்ளையாக இருந்த கடிவாயை அவர் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினேன். "உன் பல்லு வேறம்மே" என்று எழுந்து போய்விட்டார். மெல்லிய பிரஷ் வாங்கி வைத்தேன், அது பையைவிட்டு வெளியே வரவில்லை. பல் அசையக்கூடாதென்று விரலால் பேஸ்ட்டைத் தடவிக் கொப்பளித்தார். கெஞ்சினேன், கத்தினேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன். செவிடன் காதில் சங்கு ஊதியதுதான் மிச்சம். புகையிலையோ, ஆடுகிற பல்லுக்கு அதுதான் மருந்து என்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது.

சில வருடங்களில் கீழ் முன்பற்கள் நீண்டதுபோல் தெரிந்தன. ஈறுதான் கீழே இறங்கியிருந்தது. முறுக்கை டீயில் ஊறவைத்துத் தின்றார். நண்டு வாங்குவதை நிறுத்தினோம். சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொண்டார். அவர் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் கட்டிக்கொண்டேன், எனக்கு எப்படி இருக்கும்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லி தின்றுகொண்டிருந்தவர் வாயிலிருந்து எதையோ எடுத்துத் தட்டில் வைத்தார். கீழ்வரிசைப் பல். வேரைச் சுற்றிலும் காரை, யாரும் தொடாமல், முழுசாக ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போதாவது புரியும் என்று அந்தத் துக்கத்திலும் எனக்கு ஓர் ஆசை. டாக்டரம்மா சுரண்டிய மேல்வரிசை இன்னும் நிற்கிறது, சுரண்டாத கீழ்வரிசை அல்லவா விழுந்திருக்கிறது!

அவர் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியாம்மே? மேல நோண்டினதுக்குக் கீழ வுட்டுப்போச்சி."

அவர் பக்கத்துப் பல்லை நாக்கால் தள்ளிப் பார்த்தார். அதுவும் ஆடியது. இனிமேல் அந்தப் பக்கம் விரல்கூட வைக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டு, மிச்ச இட்லியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார்.